அடி போன பரிசல்

பெங்களூருவின் வடக்கே உள்ள ஜக்கூர் ஏரி சுமார் 160 ஏக்கர். சுத்திகரித்த கழிவுநீர் கோரை மண்டிய ஈரநிலத்தின் வழியாக இதற்குள் இறங்குகிறது. வலைக்காரர்கள் விடியுமுன் பரிசலில் போய், கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும் பிடித்துவந்து கரையிலேயே விற்கிறார்கள். ஒரு பரிசலுக்கு அடி மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

வேலை செய்தவர் பென்னாகரம் பக்கத்துக்காரர். ஒகேனக்கல்லில் பரிசல் முடைந்து பழகிய கை. கூடவே அவருடைய அக்கா மகன். கவிழ்த்துப் போட்ட பரிசலின் பழைய தாரை இருவரும் கொத்திச் சுரண்டி, நைந்த சாக்கைப் பட்டை பட்டையாக உரித்துக்கொண்டிருந்தார்கள். உரித்த இடத்தில் மூங்கில் பிளாச்சுகள் கறுத்துத் தெரிந்தன. எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. பெரியவர் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். "பாத்தா தெரியாதுங்க, அமுக்கிப் பாக்கணும்" என்றார். ஓரிடத்தில் விரல் உள்ளே போயிற்று.

அழுகல் ஒரு பக்கமாகவே இருந்தது. பரிசலை ஓட்டுகிறவர் முன்விளிம்பை ஒட்டி மண்டியிட்டு, துடுப்பால் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறார். வலையையும் அங்கிருந்தேதான் தூக்குகிறார். முழங்கால் படும் இடத்தில் சாக்கு தேய்ந்து, தார் விரிந்து, உள்ளே கசிந்த நீர் தேங்கி மூங்கில் ஊறிவிடுகிறது. வெளிப்பக்கம் கிழிவதற்குக் காரணம் வேறு. கரைக்கு இப்போது கல் பதித்திருக்கிறார்கள். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அது வசதி. சேற்றுக்கரையில் வழுக்கிக்கொண்டு ஏறிய பரிசலைக் கல்மேல் இழுத்தால் என்ன ஆகும்? ஏரியை அழகுபடுத்தும்போது பரிசல் ஏற ஒரு மண் சரிவை விட்டுவைத்திருக்கலாம். யாரும் மீன்காரர்களைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

மருமகன் பச்சை மூங்கிலைக் கொடுவாளால் பிளந்து கொடுத்தான். பெரியவர் கெட்ட பிளாச்சை மட்டும் உருவி, அதே தடத்தில் புதியதை மேலும் கீழுமாக நுழைத்தார். விளிம்புக்கட்டை அவிழ்க்கவே இல்லை. அதை அவிழ்த்தால் கூடு வட்டம் மாறிவிடும் என்றார்.

மேலைநாடுகளில் ஏரி மீன்பிடிக்கு அலுமினியப் படகு ஓட்டுகிறவர்களுக்கும் இதே பாடுதான். உலோகக் கூடு பல ஆண்டு கெடாமல் நிற்கும். மேலே பரப்பிய ஒட்டுப்பலகைத் தளம்தான் ஊறி அழுகும். தளத்தைப் பெயர்த்து, கீழே தண்ணீர் குடித்த நுரைப்பஞ்சை அகற்றி, புதுப்பலகையின் விளிம்பிலும் திருகு ஓட்டையிலும் எபாக்ஸி பூசிப் பொருத்துவார்கள். செம்பு கலந்த மருந்து ஏற்றிய பலகை கூடாது. அது அலுமினியத்தையே அரித்துவிடும்.

பரிசலுக்கு ஒரு காலத்தில் தோல்தான் அடி. 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், பிரம்பால் பின்னித் தோல் போர்த்திய வட்டப் படகுகளில் பதினைந்து இருபது பேர் போவதையும், குதிரையும் மாடும்கூட ஆற்றைக் கடப்பதையும் எழுதிவைத்திருக்கிறார். தோல் போய், இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும்.

தார் காய்ச்சுவதைத்தான் நான் வெகுநேரம் பார்த்தேன். தகர டின்னில் அதைக் கொதிக்க விடுவதில்லை. அதிகம் காய்ந்தால் குளிர்ந்தபின் பொரிந்து வெடிக்கும். காய்ச்சல் போதாவிட்டால் பெங்களூரு காலைக்குளிரில் பரவாமல் திட்டாக நின்றுவிடும். பெரியவர் குச்சியை முக்கித் தூக்கினார். வழிந்த நூல் நடுவில் அறாமல் தரையைத் தொட்டதும் டின்னை இறக்கச் சொன்னார். விரித்துத் தைத்த சாக்கின்மேல் துணி சுற்றிய கட்டையால் மையத்திலிருந்து வெளியே தேய்த்தார்கள். அதன்மேல் இன்னொரு சாக்கு, மறுபடி தார். மருமகனின் புறங்கையில் பழைய தார்ச்சூட்டுத் தழும்புகள் இருந்தன. கையுறை போட்டால் சாக்கின் சுருக்கம் கைக்குத் தெரியாதாம்.

ஃபைபர் பரிசல் வந்துவிட்டதே என்று கேட்டேன்.

"வரட்டுங்க. கல்லுல பட்டு விரிஞ்சா அதை ஒட்ட ஆள் வேணும்ல? அதையும் கத்துக்கிட்டுத்தான் இருக்கான் இவன்."

கூலி நாள் கணக்கில் இல்லை, பரிசல் கணக்கில். மழை வந்து தார் காயாமல் இரண்டு நாள் உட்கார்ந்தாலும் அதே தொகைதான். ஏரியைக் குத்தகை எடுத்தவருக்குக் குத்தகை முடியும்வரை அடி தாங்கினால் போதும். அதனால் மெல்லிய மூங்கிலையே வாங்கித் தருகிறார். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த பரிசலுக்குக் கல்மூங்கில் வாங்கித் தந்தால்தான் கை வைப்பேன் என்று போனில் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.