மூலமும் படியும்

பாடபேதம் என்னும் சொல்லை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கி வருகின்றேன். அதன் முழுப்பொருளை எனக்கு விளங்கவைத்தவன் பன்னிரண்டு வயது நிரம்பிய என் மகன். விளங்கவைத்த இடமும் நூலகமன்று. எங்கள் மேலப்பாளையம் வீட்டுக் கணினியின் முன்பு.

1992ஆம் ஆண்டு, சவூதியில் பணிபுரிந்த என் வாப்பா இரண்டு மாத விடுப்பில் ஊர் வந்தார்கள். பெட்டியைத் திறந்ததும், துணிமணிகளுக்கும் அத்தர்ப் புட்டிகளுக்கும் அடியிலிருந்து ஒரு வீடியோ கேம் கருவி வெளிப்பட்டது. தொலைக்காட்சியோடு இணைத்துக் கேசட்டைச் செருகினால் திரையில் விளையாட்டு ஓடும். எங்களுக்கு உகந்தது, நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட ‘பேட்டில் சிட்டி’. திரையின் அடியில் ஒரு கழுகுச் சின்னம். அதனை அழிக்கக் கட்டத்துக்கு இருபது பகை டாங்குகள் வரும். இருவர் சேர்ந்து காக்கலாம். வாப்பா எனக்குத் துணையாக அமர்வார்கள். பகைவர் சுடுமுன்னர்த் தாமே கழுகைச் சுட்டுவிடுவார்கள். அடுக்களையிலிருந்து உம்மா சிரிக்கும் ஒலி கேட்கும். கடிதத்திலும் ஒலிநாடாவிலும் மட்டுமே எனக்கு வாய்த்திருந்த தந்தை, தோளோடு தோள் உரச அமர்ந்திருந்த நாள்கள் அவை. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒலிக்கும் சிறிய இசைத்துணுக்கு என் நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது.

விடுப்பு முடிந்து வாப்பா சென்றார்கள். இரண்டோர் ஆண்டில் கருவியும் பழுதுற்றது. கேசட்டின் தொடுமுனைகளை ஊதியும் துடைத்தும் பார்த்தேன். திரையில் சாம்பல் நிறமே மிஞ்சியது.

பின்னர் 2004இல், ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேட்டைத் தட்டச்சுச் செய்யப் பாளையங்கோட்டைக் கணினி நிலையமொன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கு ஓர் இளைஞர் அதே விளையாட்டைக் கணினியில் ஆடிக்கொண்டிருந்தார். கருவி இல்லை, கேசட்டும் இல்லை. ‘எமுலேட்டர்’ என்றார். ஒரு கருவி செய்யும் வேலையை மற்றொரு கருவி போலச் செய்வதற்கான மென்பொருள் அது. ஆவலோடு குனிந்து கேட்டேன். இசை கரகரத்தது, ஓட்டம் தடுமாறியது. ஏமாற்றத்தோடு ஆய்வேட்டுக்குத் திரும்பினேன்.

அத்தடுமாற்றத்தின் காரணத்தைப் பின்னாளில் அறிந்தேன். இவ்விளையாட்டுகளுக்கு மூலமான ஃபேமிகாம் கருவியை நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்டது. அதன் மையச் செயலியின் வேகம் ஏறத்தாழ 1.79 மெகாஹெர்ட்ஸ், அச்செயலி ஒரு துடிப்பு நகர்வதற்குள், படம் வரையும் சில்லு மூன்று புள்ளிகளைக் கடந்துவிடும். இரண்டும் ஒருங்கே இயங்குபவை. கணினியோ ஒன்றன் வேலையைச் சிறிது செய்து, பின்னர் மற்றொன்றன் வேலைக்குத் தாவ வேண்டும். எவ்வளவு நுண்ணிய துண்டுகளாகத் தாவுகின்றதோ அவ்வளவு உண்மை கிட்டும். அவ்வளவு ஆற்றலும் செலவாகும். 1997இல் புகழ்பெற்ற நெஸ்டிக்கிள் போன்ற மென்பொருள்கள், அன்றைய எளிய கணினிகளில் விரைந்து ஓடுவதற்காக நுண்மையை விட்டுக்கொடுத்தன. அடுத்த தலைமுறைக் கருவிக்கென 2004இல் பிஎஸ்நெஸ் என்னும் மென்பொருளைத் தொடங்கிய பையூ என்பார் எதிர்வழி சென்றார். மூலக்கருவியின் செயலி 3.58 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாதது. அதனைப் பிழையின்றிப் போலச் செய்ய ஏறத்தாழ 3 கிகாஹெர்ட்ஸ் கணினி வேண்டும் என்று 2011இல் அவர் எழுதினார். எண்ணூறு மடங்குக்கு மேற்பட்ட வேகம்! ஒன்றைப் படைப்பதினும் அதனை உள்ளவாறே படியெடுப்பது அரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி என் மகனிடம் வருகின்றேன். சென்ற விடுமுறையில் அவன் மெசன் என்னும் மென்பொருளில் ‘பேட்டில் சிட்டி’யை இயக்கி என்னை அழைத்தான். படம் தெளிவாக இருந்தது. இசை தொடங்கியது. கேட்டவுடன், “இது தப்பு” என்றேன்.

“இல்ல வாப்பா, இதுதான் சரி. மூலக்கருவியில இப்படித்தான் கேட்கும்” என்றான்.

“என் காது பொய் சொல்லுமா? இசை வேகமா ஓடுது, குரலும் வேற மாதிரி இருக்கு” என்று கடிந்துகொண்டேன். அவன் வாடிய முகத்தோடு அகன்றான். இரு நாள் கழித்து வந்து, “வாப்பா, நீங்களும் சரி, இதுவும் சரி” என்றான்.

அவன் தேடிக் கண்டது இது. எங்கள் வீட்டுக்கு வந்த கருவியே மூலமன்று. ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல். ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 60 படங்கள். நம் நாட்டு முறைக்கு 50. நம் போன்ற நாடுகளுக்கான நகற்கருவிகள் பலவற்றில் ஆட்டமும் இசையும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடின. மேலும், ஒலியலையின் ஒவ்வொரு சுற்றிலும் அலை உயர்ந்து நிற்கும் நேரப்பங்கு, மூலத்தில் கால் பங்காக இருக்குமிடத்தில் நகலில் அரைப்பங்காகவும், அரையிருக்குமிடத்தில் காலாகவும் இடம் மாறிப்போயிற்று. செய்தவர் கைப்பிழை ஒன்று, எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்மையாயிற்று.

இதனினும் வியப்பு, அப்பிழைக்கும் மெசனில் இடம் இருந்தது! 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த டென்டி என்னும் நகற்கருவியின் கால அளவும், இடம் மாறிய அலைப்பங்கும் தனித்தனித் தெரிவுகளாக அதில் உள்ளன. மகன் இரண்டையும் மாற்றிவிட்டு மீண்டும் இயக்கினான். அந்த இசை வந்தது. வாப்பா வஃபாத்தாகி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆயினும் என் இடத்தோள் யாரோ வந்து அமர்ந்ததுபோல் உணர்ந்தது. கண்ணீரை மகன் காணாதவாறு திரும்பிக்கொண்டேன்.

அப்பொழுதுதான் உ.வே.சாமிநாதையரை நினைத்தேன். 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த அப்பெரியார், அதற்கு ஏடு தேடி நம் தாமிரபரணிக் கரைக்கே வந்தவர். திருநெல்வேலியிலும் ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர் வீடுகளில் சுவடிகளைப் புரட்டியவர். தமக்குச் சரியெனப் பட்ட பாடத்தை மேலே அச்சிட்டு, ஏனையவற்றை எறிந்துவிடாமல் அடிக்குறிப்பில் காத்தார். ஏதோவோர் ஊரில் எவரோ ஒருவர் அப்பாடத்தையே படித்து வளர்ந்திருப்பார் அன்றோ? மூலத்தைத் தேடுவதும் பிழையைப் பதிந்துவைப்பதும் ஒரே நேர்மையின் இரு கைகள். இருபது ஆண்டுகள் கற்பித்தும் இதனை நான் உணர்ந்திலேன்.

பெரியோர் ஒரு வினா எழுப்பலாம்: பிறர் உடைமையைப் படியெடுப்பது முறையோ? எமுலேட்டர் வேறு, விளையாட்டின் படி வேறு. முறையாக உடையவர் இழப்புக்கு அஞ்சி ஒரு காப்புப்படி எடுத்துக்கொள்ள 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடமளிக்கின்றது. அதனைப் பிறர்க்கு விற்பதற்கும் வழங்குவதற்கும் அன்று. இவ்வேறுபாட்டை மகனுக்கும் சொல்லியிருக்கின்றேன்.

முடிக்குமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாப்பா சவூதியிலிருந்து தம் குரலைப் பதிந்து ஒலிநாடாக்கள் அனுப்புவார்கள். உம்மாவுக்கு நலம் விசாரிப்பு, எனக்குப் படிப்புப் பற்றிய அறிவுரை, இடையிடையே இருமல். எங்களிடமிருந்த அத்தகைய நாடாக்களின் மேல், பதினைந்து வயதில், நான் திரைப்பாடல்களைப் பதிந்துவிட்டேன். கடைசி நாடாவையும் விட்டுவைக்கவில்லை. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாடாவை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். முன்பின் அறியாத அயல்நாட்டார் எவரோ ஒரு விளையாட்டுப் பொருளின் பிழையைக்கூட அளந்து காத்தனர். நானோ தந்தையின் குரலைக் காக்கவில்லை. அதனைப் போலச் செய்ய எந்தக் கணினியாலும் இயலாது. அளந்து வைக்க மூலமும் இல்லை, படியும் இல்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இன்று ஒலிப்பதிவுக் கருவி உண்டு. இவ்வார இறுதியில் வீட்டுக்குச் செல்லும்போது, மூத்தவர் ஒருவரைப் பேசவிட்டுப் பதிந்துகொள்ளுங்கள். அவர் இருமலை நீக்காதீர்கள், கொச்சையைத் திருத்தாதீர்கள். பதிந்ததை ஓரிடத்தில் மட்டும் வையாமல் மற்றோரிடத்திலும் படியெடுத்து வையுங்கள். பிற்காலத்தில் ஒருநாள் உங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டு, “இதுதான் சரி” என்று சொல்லட்டும்.