கலியின் மேல் பழி

சென்ற மாதம் நாம் பிறந்த தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். பேராக்கில், கிந்தாப் பள்ளத்தாக்கின் ஓரத்தில் உள்ளது அது. அங்கே எஞ்சியிருக்கும் முதியவர் ஒருவர் வாசற்படியில் அமர்ந்து விசிறிக்கொண்டே, "கலி முத்திப் போச்சு தம்பி, வெயிலப் பாத்தீங்களா?" என்றார். மூத்தவரிடம் வாதாடலாகாது என்று நாம் பேசாதிருந்துவிட்டோம். எனினும் அச்சொல் வழிநெடுக நம்மை உறுத்திற்று.

புராணக் கணக்கின்படி கலியுகம் 4,32,000 ஆண்டுகள். அதில் கழிந்தவை ஏறக்குறைய 5,100. அவ்வாறாயின் கலி முற்றவில்லை, இப்பொழுதுதான் தவழத் தொடங்கியிருக்கிறது! கணக்கு கிடக்கட்டும். கேடு தானாகவே வருகிறது, காலம் அதைக் கொண்டுவருகிறது, செய்தவன் எவனுமில்லை என்னும் எண்ணமே நம்மைத் தைக்கிறது.

செய்தவன் உண்டு, நேயர்களே! இயந்திரத் தொழில் பெருகுமுன் காற்றில் பத்து லட்சம் பங்கிற்குச் சுமார் 280 பங்காயிருந்த கரியமில வாயு, 2024-இல் 420-க்கு மேல் நின்றது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்தமையும் காடழித்தமையுமே காரணம். ஆதலின், இக்காலத்தை மனிதனின் பெயரால் அழைக்கவேண்டுமென்று பால் குருட்சன் என்னும் விஞ்ஞானி 2000-ஆம் ஆண்டில் கூறினார். 2024-இல் நிலவியல் அறிஞர் சபையார் அதை முறையான யுகமாக ஏற்க மறுத்தனர். பெயர் ஏறாவிடினும் செயல் செயல்தானே!

கிந்தாவின் சுண்ணாம்புக் குன்றுகள் கடலடியில் படிந்து உருவானவை. 25 கோடி ஆண்டிற்கும் மூத்தவை. அவற்றிற் சிலவற்றை ஒரு மனித ஆயுளுக்குள் வெடிவைத்து உடைத்துச் சிமெண்டிற்கும் சாலைக்கும் கொண்டுபோயினர். அடிவாரத்தில் ஈயம் தோண்டிய பள்ளங்கள் குளங்களாய்க் கிடக்கின்றன.

தோட்டத்துக் காலமோ வேறு. 1877-இல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளின் வழிப் பெருகியது இந்நாட்டு ரப்பர். ஏறக்குறைய ஆறேழு ஆண்டில் மரம் வெட்டுக்கு வரும். முப்பது ஆண்டளவில் வீழும். பின்னர் வந்த செம்பனைக்கும் சுமார் 25 ஆண்டே. விடியுமுன் பெரட்டுக்கு நின்ற நம் பாட்டனாருக்கு மரத்தின் ஆயுளே பஞ்சாங்கம். நம் தந்தையார் 'புதுக்காடு நட்ட வருஷம்' பிறந்தவர் என்றே பாட்டி சொல்லுவார்.

காட்டை வீழ்த்திய கோடரி பாட்டனார் கையில்தான் இருந்தது. 'மனிதன் செய்தான்' என்று அறிஞர் எழுதுங்கால், அம்மனிதனுள் அவரும் அடக்கமா? வெட்டு என்றவர்கள் லண்டனில் பங்கு வைத்திருந்தார்கள். வெட்டியவருக்குக் கிடைத்தது நாட்கூலி. கலி என்பாரும் மனிதன் என்பாரும் இவ்விடத்தில் ஒன்றாகிவிடுகின்றனர்: இருவர் ஏட்டிலும் ஆள் பெயர் இல்லை.

நம் பெயரை மட்டும் மறைப்பானேன்? தோட்டத்திற்கு நாம் சென்றது மோட்டாரில். முதியவர் விசிறியோடு வாசலில் இருக்க, நாம் கண்ணாடியை ஏற்றிக் குளிர்காற்றைத் திருப்பிவிட்டுக்கொண்டு ஈப்போவிற்குப் புறப்பட்டோம். அன்று நாம் விட்ட புகையில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டிற்குப் பின்னும் வானில் இருக்கும்.