புகை இங்கே, வெளிச்சம் அங்கே

உத்தரப் பிரதேசத்தின் ராபர்ட்ஸ்கஞ்சிலிருந்து தெற்கே இறங்கும் சாலை, மார்குண்டி மலைச்சரிவைத் தாண்டி, சோபன் அருகே சோன் நதியைக் கடக்கிறது. அதுவரை வயலும் பாறையுமாக இருந்த நிலம் அதன்பின் நிறம் மாறத் தொடங்குகிறது. டாலாவில் சுண்ணாம்புக்கல் தூசி படிந்து இலைகள் வெளுத்திருக்கின்றன. ரேணுகூட்டில் அலுமினிய ஆலை. அனபராவை நெருங்கும்போது வெள்ளைத் தூசி கறுப்பாகிவிடுகிறது. தார்ப்பாய் போர்த்திய நிலக்கரி லாரிகள் வரிசை கட்டி நிற்க, அவற்றுக்குப் பின்னால் வானத்தைத் தொடும் புகைபோக்கிகள். சக்திநகரைத் தாண்டினால் மாநில எல்லை. அதற்கப்பால் மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலி மாவட்டம். எல்லைக் கோடு வரைபடத்தில்தான் இருக்கிறது. தூசிக்கு அது தெரியாது.

இந்தியாவின் மின் தலைநகரம் என்று இந்தப் பகுதிக்குப் பெயர். நடுவில் 450 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பரந்து கிடக்கிறது கோவிந்த வல்லப பந்த் சாகர். அதையும் அதன் அக்கம்பக்கத்தையும் சுற்றி நிற்கும் ஐந்து பெரிய அனல் மின் நிலையங்களான சிங்ரௌலி (சக்திநகர்), விந்தியாசல், ரிஹந்த், அனபரா, சாசன் ஆகியவற்றின் திறன் மட்டும் 16,350 மெகாவாட். சிறிய நிலையங்களும் ஆலைகளின் சொந்த மின் நிலையங்களும் தனி. நாட்டின் கரியமில வாயுக் கணக்கில் இவ்வளவு சிறிய நிலப்பரப்புக்கு இவ்வளவு பெரிய இடம் கிடைத்தது எப்படி?

வேடிக்கை என்னவென்றால், இங்கு பெருமளவில் உற்பத்தியான முதல் மின்சாரத்தில் புகையே இல்லை. 1954ல் ரிஹந்த் அணைக்கு அடிக்கல் நாட்ட வந்த நேரு இதன் அழகில் மயங்கி சுவிட்சர்லாந்துடன் ஒப்பிட்டதாக இந்தப் பக்கம் இன்றும் சொல்வதுண்டு. 1962ல் அணை முடிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் நீரில் மூழ்கின. 300 மெகாவாட் நீர் மின்சாரம் கிடைத்தது. அதன் பெரிய வாடிக்கையாளர், அதே ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய ரேணுகூட் அலுமினிய ஆலை. ஆனால் அலுமினியத்தின் பசிக்குத் தண்ணீர் போதவில்லை. 1960களின் பிற்பகுதியில் ஆலைக்கென்றே ரேணுசாகரில் நிலக்கரியில் ஓடும் மின் நிலையம் வந்தது. இந்தப் பகுதியின் கரியமில வரைபடம் ஏறத் தொடங்கியது அங்கிருந்துதான்.

ஏறுவதற்கு வேண்டியதெல்லாம் இங்கேயே இருந்தது. பூமிக்கடியில் நிலக்கரி, ஜிங்குர்தாவில் உள்ள படுகையின் தடிமன் நூறு மீட்டருக்கும் மேல். குளிர்விக்க ஏரித் தண்ணீர். நிலமோ, மின்சாரம் இல்லாத ஆதிவாசிகளுடையதும் ஏழை விவசாயிகளுடையதும். 1975ல் உருவான தேசிய அனல் மின் கழகம் தன் முதல் நிலையத்துக்கு சக்திநகரைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. உலக வங்கி கடன் கொடுத்தது. 1982ல் முதல் 200 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது. அதே பத்தாண்டுக்குள் அனபரா, சோவியத் உதவியுடன் விந்தியாசல், பிறகு ரிஹந்த். சுரங்கத்திலிருந்து கொதிகலனுக்கு நிலக்கரியைச் சுமந்து ஓயாமல் சுற்றிவரும் ரயில்கள் அப்போது போடப்பட்ட தண்டவாளங்களில் இன்றும் ஓடுகின்றன.

வரைபடம் நேர்கோடாக ஏறவில்லை, படிப்படியாக ஏறியது. ஒவ்வொரு புதிய அலகும் ஒரு படி. 2009ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆராய்ந்த 88 தொழிற்பகுதிகளில் மிக மோசமாகக் கெட்டுப்போன 43ல் சிங்ரௌலியும் ஒன்று. புதிய திட்டங்களுக்கு 2010ல் தடை வந்தது, பிறகு விலகியது. 2013ல் சாசனில் 660 மெகாவாட் அலகுகள் ஓட ஆரம்பித்தன. விந்தியாசல் 4,760 மெகாவாட்டை எட்டி நாட்டிலேயே பெரிய அனல் மின் நிலையமானது. சக்திநகரில் இப்போது மேலும் 1,600 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது.

இதில் ஏமாந்துபோக இடமுண்டு. பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டால் புகைபோக்கிகளிலிருந்து வரும் புகை இன்று மெலிந்திருக்கிறது. சாம்பலை மின்னூட்டத்தால் பிடித்து நிறுத்தும் கருவிகள் மேம்பட்டிருக்கின்றன. கந்தகத்தைப் பிடிக்கும் கருவிகளும் சில இடங்களில் வந்துவிட்டன. புதிய கொதிகலன்கள் ஒரு யூனிட்டுக்குக் குறைந்த நிலக்கரியே கேட்கின்றன. ஆனால் கரியமில வாயுவுக்கு நிறமில்லை. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வீதம் அது போய்க்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் புகை குறைந்த அதே காலத்தில், தெரியாத புகை பல மடங்காகிவிட்டது.

அதைப் பிடிக்கும் முயற்சியும் இங்கேயே நடக்கிறது. விந்தியாசலில் 2022ல் தொடங்கிய கருவி நாளொன்றுக்கு 20 டன் கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் திறன் கொண்டது. அதிலிருந்து மெத்தனால் தயாரிப்பது திட்டம். ஆராய்ச்சிக்கு நல்ல தொடக்கம்தான். ஆனால் கணக்கைப் போட்டால் மலைப்பாக இருக்கிறது. அந்த நிலையம் முக்கால் பங்கு திறனில் ஓடினாலே ஒரு நாளைக்கு எட்டரைக் கோடி யூனிட். அதாவது எண்பதாயிரம் டன்னுக்கு மேல் வாயு. கருவி நாள் முழுவதும் பிடிப்பதை நிலையம் சுமார் இருபது விநாடிகளில் வெளியே விட்டுவிடுகிறது.

இந்த எண்பதாயிரம் டன் யாருடையது என்பதில்தான் சிக்கல். 1990, 1995 ஆண்டுகளுக்கு நாட்டின் வெளியீடுகளை மாவட்ட வாரியாகப் பிரித்துக் காட்டினார்கள் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பி.ஆர். சுக்லா உள்ளிட்ட ஆய்வாளர்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாவட்டங்களில் சுமை குவிந்திருப்பது அதில் தெரிந்தது. இப்படிப்பட்ட கணக்கில் வாயு எங்கே வெளியாகிறதோ அந்த ஊரின் பெயரில் எழுதப்படும். மின்சாரம் எங்கே போகிறது என்பது அதில் வராது.

போவது வெகு தூரம். ரிஹந்திலிருந்து டெல்லியை ஒட்டிய தாத்ரிக்கு 1990களின் தொடக்கத்தில் போடப்பட்ட உயர் அழுத்த நேர்மின்சாரத் தடத்தின் நீளம் 800 கிலோமீட்டருக்கும் மேல். சாசன் மின்சாரத்தில் டெல்லி, பஞ்சாப், ஹரியானா உட்பட ஏழு மாநிலங்களுக்குப் பங்கு. விந்தியாசல் மின்சாரம் மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் போகிறது. டெல்லியோ தன் எல்லைக்குள் இருந்த நிலக்கரி மின் நிலையங்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டது. கடைசியாக பதர்பூர், 2018ல். நகரத்தின் காற்றுக்கு அது நல்லதே. ஆனால் டெல்லியின் மின்தேவை குறையவில்லை. கணக்குப் புத்தகத்தில் டெல்லியின் பக்கம் இறங்கியது, சிங்ரௌலியின் பக்கம் ஏறியது. வளிமண்டலத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இதே வழக்கை இந்தியா உலகத்தின் முன் வைத்து வாதாடுகிறது என்பது இன்னொரு வேடிக்கை. 1990ல் சுமார் 60 கோடி டன்னாக இருந்த நாட்டின் கரியமில வாயு வெளியீடு 300 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. ஆனாலும் தலைக்கு ஏறக்குறைய இரண்டு டன். உலக சராசரியில் பாதிக்கும் குறைவு. மொத்தத்தைப் பார்க்காதீர்கள், தலைக்கணக்கைப் பாருங்கள் என்கிறது டெல்லி. நியாயமான வாதம். சிங்ரௌலியின் கிராமத்துக்காரர் அதே வாதத்தை டெல்லியிடம் வைத்தால் என்ன பதில்?

அவருக்கு இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, மின் நிலையம் ஒன்றின் சாம்பல் குளக்கரை உடைந்து சேறு வயல்களில் புகுந்ததில் ஆறு பேர் இறந்தார்கள். ரிஹந்த் நீரில் நிலம் இழந்தவர்களில் பலர் குடியேறி வளர்ந்த ஊர் மோர்வா. இப்போது ஜெயந்த் சுரங்கம் விரிவாகிறது. மோர்வாவின் அடியில் இருப்பதும் நிலக்கரிதான். பல்லாயிரக்கணக்கானோர் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியிருக்கிறது. தாத்தாவைத் தண்ணீர் துரத்தியது. பேரனைக் கரி துரத்துகிறது.

இங்குள்ள சுரங்கங்கள் 2023-24ல் வெட்டியெடுத்த நிலக்கரி 13 கோடி டன்னுக்கும் மேல். நாடு 2070க்குள் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்குவதாக 2021ல் உறுதி கொடுத்திருக்கிறது. சூரிய ஒளியும் காற்றும் வேகமாக வளர்கின்றன. என்றாவது ஒரு நாள் சிங்ரௌலியின் வரைபடம் இறங்கத்தான் வேண்டும். அது உலகத்துக்கு நல்ல செய்தி. ஆனால் லாரி ஓட்டுபவர், ஒப்பந்தத் தொழிலாளி, வைதன் கடைத்தெருவில் வியாபாரம் செய்பவர் என்று இந்த ஊரில் எல்லாருடைய சோறும் இன்று கரியில்தான் வேகிறது. வரைபடம் ஏறியபோது நிலம் போனது. இறங்கும்போது பிழைப்பு போகும்.

2015 முதல் சுரங்க மாவட்டங்களுக்கென்று மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி வருகிறது. நிலக்கரி மிகுந்த சிங்ரௌலிக்கு அது பெரிய தொகை. கரிக்குப் பிந்தைய பிழைப்புக்கு அதைக் கொண்டு இன்றே அடித்தளம் போடலாம். மின்சாரம் வாங்கும் மாநிலங்களும் யூனிட்டுக்குச் சில பைசாவாவது இந்த ஊரின் நாளைக்கென்று ஒதுக்கலாம். புகையைப் பங்கு போட முடியாது, செலவையாவது பங்கு போடலாம்.

பொழுது சாய்ந்ததும் ஏரியின் மறுகரையில் மின் நிலைய விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. தண்ணீரில் அவற்றின் நிழல் அழகாகவே இருக்கிறது. நேரு பார்த்த மலைகள் பின்னால் இருட்டில் நிற்கின்றன. மின்கம்பிகள் அவற்றின் மேல் ஏறி வடமேற்கே, தாத்ரிக்குப் போகின்றன. டெல்லியில் அப்போது ஏ.சி.க்களைப் போடும் நேரம்.