பீடிங்குக்கு அடியில்

பழைய கார் வாங்க வருகிறவர் டயரை உதைப்பார், பானட்டைத் திறந்து எட்டிப் பார்ப்பார், தெருமுனை வரை ஒரு ரவுண்டு ஓட்டுவார். சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் நான் பார்த்த டிங்கரிங் மேஸ்திரி இதில் எதையும் செய்யவில்லை. டிரைவர் கதவைத் திறந்து, சட்டத்தைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்கை ஒரு முழத்துக்கு உருவினார். தகட்டு விளிம்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வட்ட வட்டமான பள்ளங்கள், வரிசை பிசகாமல். தொழிற்சாலையில் வைத்த ஸ்பாட் வெல்டு. பக்கவாட்டில் பலமாக இடி வாங்கி, தகடு மாற்றி, பட்டி பூசிய வண்டியில் இந்த வட்டங்கள் காணாமல் போயிருக்கும், அல்லது கோணல்மாணலாக நிற்கும். வெளியே எவ்வளவு அழகாகப் பெயிண்ட் அடித்தாலும் பீடிங்குக்கு அடியில் யாரும் மெனக்கெடுவதில்லை.

பழைய கார் வியாபாரிகள் விலை பேசுமுன் வண்டியை இவரிடம் காட்டிவிட்டுப் போகிறார்கள். மறைக்கிற வேலையையும் காலமெல்லாம் செய்த கை அது.

அன்று வந்தது ஒரு வெள்ளை ஹேட்ச்பேக், ஆறு வருட வண்டி. விற்பதற்காகவே பளபளவென்று துடைத்துக் கொண்டு வந்திருந்தார் ஓனர். பட்டறைப் பையன் பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டரைக் கதவு கதவாக வைத்து எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தான்: 112, 118, 109. கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். இடது பின்கதவில் மீட்டர் 290 காட்டியது.

“லேசான கீறல்தாங்க. விக்கிற வண்டி, பார்க்க நல்லா இருக்கட்டுமேன்னு அடிச்சேன்.”

“அப்படியே விட்டிருந்தா கீறல்னு பார்த்துட்டுப் போயிருப்பாங்க சார். இப்ப எதை மறைச்சீங்கன்னு கேப்பாங்க.”

விற்கும் முன் அவசரமாகச் செய்கிற செலவு பல சமயம் இப்படித்தான் ஆகிறது. பெயிண்ட் உரியாத சின்ன நெளிசல் என்றால், உள்பக்கமாகக் கம்பி விட்டு நெம்பி எடுக்க ஆள் இருக்கிறார்கள். பட்டியும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். வருடாவருடம் ரப்பிங் பாலிஷ் போடுவதும் மேஸ்திரிக்குப் பிடிக்காது. பளபளப்பைத் தரும் கிளியர் கோட் மைக்ரான் கணக்கில்தான் இருக்கிறது, ஒவ்வொரு தேய்ப்பிலும் அது கொஞ்சம் குறைகிறது. நிழலில் நிறுத்துங்கள், காக்காய் எச்சத்தை அன்றைக்கே கழுவுங்கள் என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார். இதைச் சொல்லி எந்த டீட்டெய்லிங் கடையும் பிழைக்க முடியாது!

என்ஜின் பக்கம் வேறொருவர் பார்க்கிறார். வண்டியை ஸ்டார்ட்டில் வைத்து ஆயில் மூடியைத் திறந்தார். புகை குபுகுபுவென்று தள்ளவில்லை. மூடியின் உள்பக்கம் வெண்ணெய் போல் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்ததா என்று சந்தேகப்பட வேண்டும். இதில் அதுவும் இல்லை. ஆனால் சர்வீஸ் பில்களில் இரண்டு வருடம் விடுபட்டிருந்தது. கொரோனா காலத்தில் வண்டியே எடுக்கவில்லை, அதனால் ஆயில் மாற்றவில்லை என்றார் ஓனர். நிறைய பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களின் கையேடு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது என்கிறது. ஓடாமல் நின்றாலும் ஆயில் கெடும். அதைவிட, பில் இல்லாத இடைவெளியில் மீட்டரைத் திருப்பியிருப்பார்களோ என்று வாங்குகிறவர் நினைப்பார். பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானம், ஸ்டியரிங்கின் வழவழப்பு, டயரின் பக்கவாட்டில் வாரமும் வருடமும் சொல்லும் நாலு இலக்கம் எல்லாம் மீட்டரோடு ஒத்துப்போகின்றனவா என்று அவர் தேடுவது அதனால்தான்.

சென்னை வண்டிக்குத் தனிச் சோதனை ஒன்று உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி இந்தப் பகுதியே மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார் மேஸ்திரி. சீட்டையும் மேட்டையும் மாற்றியவர்கள்கூட, சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டின் கடைசிப் பகுதியில் படிந்த சேற்றுக் கோட்டை மறந்துவிடுவார்களாம். தண்ணீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். என்ஜின் பாதுகாப்புக்கு என்று தனியாகப் பணம் கட்டியிராவிட்டால் சாதாரண இன்சூரன்சில் அதற்குக் காசு கிடைப்பது கடினம்.

இன்சூரன்ஸ் கணக்கு விசித்திரமானது. ஐந்தாவது வருடத்தில் இருக்கும் காருக்கு 50 சதவீதத் தேய்மானம் என்று அட்டவணை சொல்கிறது. கண்ணாடி போல வைத்திருந்தாலும் அதேதான், ஒழுங்கில்லாமல் வைத்திருந்தாலும் அதேதான். வித்தியாசத்தைப் பார்ப்பது சந்தை மட்டுமே.

பெல்ட் சுத்தமாக இருந்தது. கதவுக்கும் விடுபட்ட பில்லுக்கும் கொஞ்சம் குறைத்து வியாபாரி ஒரு விலை சொல்ல, ஓனரும் தலையாட்டினார். பிறகு ஆர்.சி.யைப் புரட்டினார்கள். கடன் அடைத்து முடித்தும் வங்கியின் பெயர் அதில் அப்படியே இருந்தது. வங்கியிடம் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து நீக்கியிருக்க வேண்டும். “அதை எடுத்துட்டு வாங்க சார், இப்போதைக்கு அட்வான்ஸ் மட்டும் தர்றேன்” என்று வியாபாரி பணத்தை எண்ண ஆரம்பித்தார். இரண்டாவது சாவி எங்கே என்றும் கேட்டார்.