ஆன்லைனில் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாமா?

"அக்கா, வேலையை விடாம ஆன்லைன்லயே நர்ஸ் பிராக்டிஷனர் படிச்சரலாமுங்களா?" பொள்ளாச்சி, கோபி பக்கமிருந்து கோவைக்கு நர்ஸ் வேலைக்கு வந்த தங்கச்சிகள் அடிக்கடி கேட்பது இது. அந்த ஆசை ரொம்பப் பெரியது. அதனாலேயே உள்ளதைச் சொல்கிறேன்.

1965-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டும் டாக்டர் ஹென்றி சில்வரும் தொடங்கியது, நர்ஸே நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சை தரப் பழக்கும் இந்தப் படிப்பு. இன்று அங்கே பாடங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் நூற்றுக்கணக்கான மணி நேரம் நோயாளிகளோடு நேரில் பயிற்சி எடுத்தே ஆகவேண்டும். நம் நாட்டில் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருப்பது தீவிர சிகிச்சைக்கான 2 ஆண்டு முதுநிலைப் படிப்பு. பி.எஸ்சி நர்சிங்கோடு பணி அனுபவமும் கேட்கிறார்கள். பெரும்பகுதி ஐ.சி.யூ.விலேயே கழியும். அது சரிதான். வென்டிலேட்டர் அலாரம் அடிக்கும்போது முதலில் நோயாளியின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கும் கண், மொபைல் திரையில் வராது. ஈ.சி.ஜி., மருந்தியல் பாடங்களை ஆன்லைனில் இப்போதே படிக்க ஆரம்பியுங்கள், பின்னால் கைகொடுக்கும்.

ஆனால் வீட்டுக் கடனும் தம்பி படிப்பும் தலைமேல் இருக்கிறவள் 2 வருஷச் சம்பளத்தை எப்படி விடுவாள்? அவிநாசி சாலை நெடுக இத்தனை பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. தங்கள் நர்ஸுகளுக்குச் சம்பளத்தோடு படிப்பு விடுப்பு தரட்டும்.