கொழுந்துத் தராசும் குழந்தைத் தராசும்

கொழுந்துத் தராசை அறியாது வளர்ந்த மலையகப் பிள்ளை எவரும் இல்லை. காலை, பகல், அந்தி என நாளில் மூன்று முறை மலையில் நிறுவை நடக்கும். தலைக்கயிற்றில் தொங்கும் கூடையை இறக்கி, கொழுந்தைச் சாக்கில் கொட்டி, தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்துத் துண்டில் எழுதுவார். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் ஒன்றிரண்டு கழியும். மிஞ்சியது நாட்கணக்குக்கு எட்டினால் முழுப்பேர், எட்டாவிடில் அரைப்பேர். எங்கள் சிறுபிராயத்தில் இக்கணக்கு இறாத்தலில் நடந்தது. பின்னர் கிலோ வந்தது. எந்த மலையில் எந்த மாதம் எவ்வளவு கொழுந்து இறங்கிற்று என்பதைத் தோட்டத்து ஆபீசுப் பேரேட்டைப் புரட்டினால் சொல்லிவிடலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டது 19 ஏக்கரில் என்பதுகூட இன்றுவரை யாருக்கும் மறக்கவில்லை. தேயிலைச் செடியின் வரலாறு அத்தனை கவனமாக எழுதப்பட்டிருக்கிறது.

அச்செடியில் கொழுந்து பறித்தவள் பெற்ற பிள்ளை என்ன நிறையோடு பிறந்தது, ஐந்து வயதில் எவ்வளவு உயரம் நின்றது, பத்து வயதில் அதன் இரத்தம் எவ்வளவு அழுத்தத்தோடு ஓடிற்று என்று கேட்டால் எந்தப் பேரேட்டைப் புரட்டுவது? இக்கேள்வி எங்களுக்குப் படித்து வந்ததன்று. அது எங்கள் வீட்டுக் காம்பராவில் பாயில் கிடந்த கேள்வி.

1989ஆம் ஆண்டு, மாசி மாதம். அந்தி நிறுவைக்குக் கூடையை இறக்கியவாறே எங்கள் அம்மா சாய்ந்தார். வயது 46. டிஸ்பென்சரிக்குத் தூக்கிச் சென்றோம். கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்த தோட்டத்து டொக்டர் ஐயா மறுபடியும் ஒருமுறை அடித்துப் பார்த்தார்.

“என்னம்மா இது, இவ்வளவு பிரஷரை வச்சிக்கிட்டா மலைக்குப் போனீங்க?”

“போகாட்டிப் பேர் விழாதுங்களே, ஐயா” என்றார் அம்மா, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்த நிலையிலும்.

அம்மாவின் கையில் அப்பட்டி சுற்றப்பட்டது அதுவே முதல் தடவை. ஐந்து பிள்ளைகளைப் பெற்ற கை அது. அன்றிலிருந்து வலப்பக்கம் வழங்கவில்லை. பதினோராண்டுகள் அப்படியே இருந்து காலமானார். அம்மா ஒருநாளும் தடித்தவரல்லர். நாற்பது கிலோவை எட்டியிருப்பாரா என்பதே ஐயம். ஆகவே லயத்தில் எல்லோரும் வியந்தனர். ‘பிரஷர் என்றால் துரைமாருக்கும் கடை முதலாளிமாருக்கும் வருகிற வியாதியல்லவா? இந்த மெலிந்த உடம்புக்கு எப்படி வந்தது?’ என்றனர். நாங்களும் அன்று அவ்வாறே எண்ணினோம்.

நிறை கூடினால் அழுத்தம் கூடும். நிறை குறைந்தால் அந்தக் கவலை இல்லை. இந்த எளிய கணக்கைப் பாமரர் மட்டுமன்றிப் படித்தவரும் நம்பி வந்தனர். இது முழுப் பொய்யுமன்று. ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரே நாளில் நிறுத்திப் பார்த்தால், தடித்த பிள்ளைகளின் அழுத்தம் சராசரியாக உயர்ந்தே காணப்படும். ஆனால் தலைமுறைகளை வைத்து அளந்தவர்கள் கண்டது வேறொன்று.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பொகலூசா என்றோர் ஊர். மரக் கம்பனி ஒன்று தன் வேலைக்காகவே உண்டாக்கிய ஊர்; அவ்வகையில் எங்கள் தோட்டங்களுக்கு அது தூரத்து உறவு எனலாம். அவ்வூரில் 1970களின் தொடக்கத்தில் டொக்டர் ஜெரால்ட் பெரன்சனும் அவரது குழுவினரும் ஒரு பெரும் பணியைத் தொடங்கினர். கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் ஒருங்கே பள்ளியில் வைத்து நிறுத்தனர், உயரம் அளந்தனர், இரத்த அழுத்தம் பார்த்தனர். சில ஆண்டுகளுக்கொருமுறை மீண்டும் மீண்டும் அளந்தனர். 1974 முதல் 1993 வரையான கணக்கைப் பின்னர் தொகுத்துப் பார்த்தபோது, மிகுபருமன் கொண்ட பிள்ளைகள் நூற்றுக்கு 6 பேராக இருந்தது 17 பேராக உயர்ந்திருந்தது. ஏறக்குறைய மூன்று மடங்கு! இரத்த அழுத்தமும் அதற்கொப்ப ஏறியிருக்க வேண்டுமன்றோ? ஏறவில்லை. சராசரி அழுத்தம் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது.

அமெரிக்கா முழுமைக்குமான வேறோர் ஆய்விலோ, 1988-94க்கும் 1999-2000க்கும் இடையே பிள்ளைகளின் அழுத்தம் சற்றே உயர்ந்ததாகத் தெரியவந்தது. ஓரிடத்தில் ஏறாதது பிறிதோரிடத்தில் ஏறுகிறது. நிறையொன்றே அழுத்தத்தின் கடிவாளத்தைப் பிடித்திருக்கவில்லை என்பது இதனால் விளங்கும். இச்செய்தியை ‘தடிப்பதால் கேடில்லை’ என்று படிப்பவர் தவறாகப் படிப்பவர். அதே பொகலூசாவில் விபத்துகளில் இறந்த இளையோரின் இரத்தக் குழாய்களைத் திறந்து பார்த்தபோது, பிள்ளைப் பருவத்திலேயே கொழுப்புக் கோடுகள் படிந்திருந்தன. நாங்கள் அதில் படிப்பது இதைத்தான்: தராசு முள் அழுத்தத்தைச் சொல்லாது. அழுத்தத்தை அறிய அழுத்தத்தையே அளக்க வேண்டும். மெலிந்த பிள்ளைக்கும் அது பொருந்தும்.

மெலிந்த உடம்புக்குப் பிரஷர் எப்படி வந்தது என்ற லயத்துக் கேள்விக்கு விடை வேறொரு நாட்டின் பழைய பேரேட்டில் கிடந்தது. இங்கிலாந்தின் ஹேர்ட்போர்ட்ஷயரில் 1911ஆம் ஆண்டு முதல், எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற அம்மையாரின் மேற்பார்வையில், மருத்துவிச்சிகள் பிறந்த ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்து எழுதினர். ஒரு வயது நிறைந்ததும் தாதியர் மீண்டும் சென்று நிறுத்தனர். முக்கால் நூற்றாண்டு கழிந்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவ அறிஞர் அப்பேரேடுகளைக் கண்டெடுத்து, அப்பிள்ளைகள் முதியவராகி என்ன ஆனார்கள் என்று தேடினார். பிறப்பிலும் ஒரு வயதிலும் நிறை குறைந்திருந்த ஆண்களே இதயநோயால் மிகுதியாக மாண்டிருந்தனர். இதனை அவர் 1989இல் வெளியிட்டார். எங்கள் அம்மா விழுந்த அதே ஆண்டு. பிறப்பில் நிறை குறைந்தவரிடம் பிற்காலத்து இரத்த அழுத்தம் கூடியிருந்ததையும் அவர் கண்டார்.

இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவனவற்றுள் ஒன்று எங்களை நெடுநேரம் உறங்கவிடவில்லை. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிக்கும் நுண்ணிய வடிகட்டிகள் இலட்சக்கணக்கில் உள. உரிய காலத்தில் பிறக்கும் பிள்ளைக்கு அவை யாவும் தாயின் வயிற்றிலேயே உண்டாகி முடிந்துவிடுகின்றன. பிறந்த பின் புதிதாக ஒன்றுகூடச் சேர்வதில்லை. தாய்க்கு ஊட்டம் போதாமல் பிள்ளை சிறுத்துப் பிறந்தால் அவ்வடிகட்டிகளும் குறைந்தே அமைகின்றன. குறைந்த ஆட்களைக்கொண்டு முழு மலையையும் முடிக்கச் சொன்னால் என்ன நிகழும் என்பது எங்கள் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருப்பவை மிகையாக உழைக்கின்றன, உப்பை வெளியேற்றத் திணறுகின்றன, அழுத்தம் ஏறுகிறது.

இது வெள்ளையர் உடம்புக்குரிய கதையென்று தள்ளவும் இயலாது. மைசூரில் ஒரு மிஷன் மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்தோரைத் தேடிப்பிடித்துச் சோதித்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. பிறப்பில் இரண்டரைக் கிலோவும் அதற்குக் கீழும் இருந்தோரில் நூற்றுக்கு 11 பேருக்கு இதயக்குழாய் நோய். மூன்று கிலோவைத் தாண்டிப் பிறந்தோரில் 3 பேருக்கே. டெல்லியில் பிறந்தோரை இருபதாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து அளந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் சொல்லிற்று. இரண்டு வயதில் மெலிந்திருந்து, பின் விரைந்து நிறை ஏறியவர்களுக்கே இளம் வயதில் சீனி வியாதியின் அறிகுறி மிகுதி. பன்னிரண்டு வயதில் அவர்களைப் பார்த்த எவரும் தடித்த பிள்ளைகள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி எங்கள் தங்கையின் பேச்சுக்கு வருவோம். அவள் பிறந்தது 1974இல். அந்த ஆண்டின் பெயரைச் சொன்னாலே தோட்டங்களில் முதியோர் மௌனமாவர். அரிசியும் மாவும் அற்றுப்போய், மரவள்ளிக்கும் வழியின்றி மக்கள் மடிந்த காலம். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இன் ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கும் பங்கு போடப்பட்டு நின்ற மக்கள், பசிக்கும் நாடற்றவராகவே நின்றனர். அம்மா வயிற்றுப் பிள்ளையோடு மலைக்குப் போனார். வேலை நாட்களும் குறைக்கப்பட்டிருந்தன. தங்கை பிறந்தபோது யாரும் நிறுக்கவில்லை. ‘ஒரு கொழுந்துக் கைப்பிடி அளவுதான்’ என்று மருத்துவிச்சிக் கிழவி சொன்னதே எங்களிடமுள்ள ஒரே பதிவு. இன்று அவளுக்கு ஐம்பது கடந்துவிட்டது. மெலிந்த தேகம்; ஆனால் முப்பத்தெட்டு வயதிலிருந்து பிரஷர் குளிசை போடுகிறாள். தாய்க்கு வந்ததன்றோ, இரத்த வழியாக வந்தது என்பர் அயலவர். இரத்த வழியும் இருக்கலாம். 1974இன் பசி வழியையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நிலைமை மாறவில்லை என்று கூறினால் அது நேர்மையன்று. சிசுக்கள் மடிவது பெரிதும் குறைந்திருக்கிறது. கிளினிக்கும் குடும்பநல மாதும் லயத்துக்கு வருகிறார்கள். வயதுக்கேற்ற உயரம் எட்டாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தோட்டப்புறத்தில் 2006-07ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 40 பேராயிருந்தனர். 2016இன் கணக்கெடுப்பில் அது 32 ஆகக் குறைந்தது. ஆயினும் அதே 2016இல் நாடு முழுமைக்குமான கணக்கு 17. எங்கள் மூன்று பிள்ளைகளில் ஒன்று இன்னமும் தன் முழு உயரத்துக்கு வளரவில்லை. குறுகிய பிள்ளை என்பது குறுகிய தாயாகப்போகும் பிள்ளை; அவள் வயிற்றிலும் இடம் குறுகியே இருக்கும். இப்படி ஒரு தலைமுறையின் பசி அடுத்ததன் உடம்பில் கணக்கு வைக்கிறது.

உணவைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியவில்லை. காலையில் கோதுமை மா ரொட்டி, சம்பல், சீனி போட்ட சாயம். மலைக்குக் கொண்டுபோவதும் ரொட்டியே. முட்டையும் பாலும் கீரையும் பருப்பும் கைக்காசைப் பார்த்தே வரும். பிள்ளை ‘தேறவில்லை’ என்று கிளினிக்கில் சொல்லிவிட்டால் தாய் என்ன செய்வாள்? கடையில் கடனுக்குக் கிடைக்கும் பிஸ்கட்டையும் சீனிப் பாலையும் கொடுக்கிறாள். முள் மேலே ஏறுகிறது. எல்லோரும் மகிழ்கிறோம். உயரம் ஏறாமல் நிறை மட்டும் ஏறும் அந்த ஏற்றமே டெல்லிப் பிள்ளைகள் சென்ற பாதை. 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள் இடப்பட்டன. நல்ல முயற்சியே. ஆனால் ஒரு கோப்பைப் பாலின் விலையைக் காட்டிலும் ஒரு கோப்பைச் சீனித் தண்ணீரின் விலை குறைவாயிருக்கையில், நிறத்தைப் பார்த்து வாங்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? தாயைக் குறைகூறும் ஊட்டச்சத்துப் பிரசங்கங்களை நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம். நாட்சம்பளம் 1000 ரூபாவானது 2021இல். 1350 ஆனது 2024இல். இடையில் 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்குள் நூற்றுக்கு 95 வீதம் ஏறியிருந்தது. இக்கணக்கைப் போட்டுப் பார்த்தபின் பிரசங்கம் செய்வோர் செய்யட்டும்.

அந்த 2022 ஐப்பசியில்தான் தங்கையின் மகளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. மசக்கைக் காலம் முழுதும் திரிபோஷா மாவுக்குத் தட்டுப்பாடு. முட்டை நினைக்கவே கூடாத பொருள். பிள்ளையின் நிறை 2 கிலோ 200 கிராம். இம்முறை நிறுத்தார்கள், எழுதினார்கள். அட்டையில் புள்ளி வைத்தார்கள். 1974இன் பிள்ளைக்குக் கிடைக்காத அப்புள்ளியை 2022இன் பிள்ளை பெற்றது. அம்மட்டில் அரை நூற்றாண்டுப் போராட்டம் வீண்போகவில்லை.

அவள் பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தாள். மாதந்தோறும் புள்ளி மேலே நகர்ந்தது. நாங்கள் படித்த வரையில், மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கொருமுறை பிள்ளைகளின் இரத்த அழுத்தத்தைப் பார்க்குமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017இல் அறிவுறுத்தியிருக்கிறது. பெரியவர்க்குள்ள 120, 80 என்னும் கணக்குச் சிறு பிள்ளைகளுக்குச் செல்லாது. வயது, பால், உயரம் மூன்றையும் வைத்து அட்டவணையில் பார்க்க வேண்டும். கைக்கேற்ற பட்டியும் வேண்டும். சிறு கைக்குப் பெரிய பட்டி சுற்றினால் உண்மையிலும் குறைந்த எண்ணையே காட்டும். நோயிருந்தாலும் இல்லையென்று ஏமாற்றும்.

மூன்று வயது நிறைந்த மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்களே கிளினிக்குக்குப் போனோம். நிறுத்தார்கள்: 11 கிலோ 600. உயரம் அளந்தார்கள்.

“பிரஷரும் ஒருக்காப் பாத்திருங்களேன், மிஸ்” என்றோம்.

தாதிப்பெண் எங்களை விநோதமாகப் பார்த்தாள். பிறகு இரங்கினாள் போலும்.

“சின்னப் பிள்ளைக்கு எதுக்குங்க ஐயா? சரி, பாப்பம்.”

மேசையில் இருந்த ஒரே பட்டியை எடுத்துப் பிள்ளையின் புயத்தில் சுற்றினாள். அது தோளிலிருந்து முழங்கை கடந்து இரண்டு சுற்றுச் சுற்றிற்று. பிள்ளை அதனை விளையாட்டென்று எண்ணிச் சிரித்தது. காற்றடிக்காமலே தாதி பட்டியைக் கழற்றினாள்.

“இதுக்குச் சின்னப் பட்டி வேணும். எங்ககிட்ட இல்லீங்க” என்று சொல்லி, அட்டையில் நிறைக்குரிய கட்டத்தில் புள்ளியை மட்டும் வைத்துத் தந்தாள். வெளியே வந்தபோது பகல் நிறுவைக்குச் சங்கு ஊதிற்று.