ஆட்டம் காட்டும் நாற்காலிகள்

பெருங்குடியில், பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் தகரக் கூரை போட்ட பட்டறை அது. மென்பொருள் அலுவலகம் ஒன்றிலிருந்து மினி லாரியில் வந்த நாற்காலிகள் வாசல் வரை தலைகீழாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு மஞ்சள் சீட்டு. ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் ஒரே புகார்: ‘சவுண்டு’.

பட்டறையின் மூத்த மெக்கானிக் எந்த நாற்காலியிலும் முதலில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. கைப்பிடிகளைப் பிடித்துத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, காற்றிலேயே இரண்டு உலுக்கு உலுக்குகிறார். கீழே வைத்த பிறகுதான் உதவியாளரைப் பார்த்து, “உக்காரு தம்பி” என்கிறார். உலுக்கும்போது கேட்டு, ஆள் உட்கார்ந்ததும் அடங்கிவிடும் சத்தம் ஒரு வகை. உலுக்கும்போது கேட்காமல், ஆள் உட்கார்ந்து அசைந்ததும் தொடங்கும் சத்தம் இன்னொரு வகை. முதலாவது லொடலொட; இரண்டாவது கிரீச்.

“கிரீச்சுன்னா கிரீஸ். லொடலொடன்னா கிரீஸ் டப்பாவத் தொடவே கூடாது.”

கார்த் தொழிற்சாலைகளில் சத்தத்துக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் பொறியாளர்களும் இதே இடத்தில்தான் கோடு கிழிக்கிறார்கள். இரண்டு பரப்புகள் ஒட்டிக்கொண்டு, விடுபட்டு, மறுபடி ஒட்டிக்கொள்ளும்போது எழுவது கிரீச். இரண்டு பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் ஒன்று மற்றொன்றின் மேல் மோதுவது லொடலொட. உட்காருபவரின் எடை அந்த இடைவெளியை ஒரு பக்கமாக அழுத்தி மூடிவிடுவதால் சத்தம் நிற்கிறது. மெக்கானிக் காற்றில் உலுக்குவது இதற்காகத்தான். எடை இல்லாதபோதுதான் எல்லா இடைவெளிகளும் திறந்திருக்கும்.

சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. மில்லிமீட்டரில் ஒரு பங்கு இடைவெளியில் பிறக்கும் மோதலை, இருக்கைக்குள் இருக்கும் பிளைவுட் பலகையும் முதுகின் பிளாஸ்டிக் ஓடும் வாங்கிப் பெரிதாக்கி அறை முழுக்க அனுப்புகின்றன. வீணையில் தந்திக்குக் குடம் செய்யும் வேலை அது. அதனால் முதுகில் கேட்கும் சத்தம் அடித்தண்டில் பிறந்திருக்கலாம். உதவியாளர் ஒரு நீள ஸ்குரூடிரைவரின் முனையை ஒவ்வொரு மூட்டிலும் வைத்து, பிடியைக் காதோரம் ஒட்டிக் கேட்கிறார். ஒரு கை நாற்காலியை ஆட்டிக்கொண்டே இருக்கிறது.

அலுவலக நாற்காலியில் அசையும் பாகங்கள் புதிய சங்கதி அல்ல. அமெரிக்கரான தாமஸ் வாரன் 1849-ல் வடிவமைத்த, வில்களின் மேல் சாயும் சுழல் நாற்காலி 1851-ல் லண்டன் பெருங்கண்காட்சிக்கே போயிருக்கிறது. பழைய அரசு அலுவலகங்களில் இருந்த மரச் சுழல் நாற்காலிகளில் உயரம் கூட்ட இருக்கையையே சுற்ற வேண்டும். நடுவில் ஒரு தடித்த இரும்புத் திருகு. வில்லியம் ஸ்டம்ப் வடிவமைத்து ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1976-ல் கொண்டுவந்த எர்கான் நாற்காலி, வாயு அழுத்தத்தால் ஏறி இறங்கும் தண்டோடும் ஐந்து கால்களோடும் வந்தது. இன்று பெருங்குடிப் பட்டறைக்கு வரும் நாற்காலிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

அந்தத் தண்டைக் கடைக்காரர்கள் ‘ஹைட்ராலிக்’ என்கிறார்கள். உள்ளே எண்ணெய் அழுத்தம் அல்ல, அடைக்கப்பட்ட நைட்ரஜன் வாயு. வெளிக் குழாய் ஒன்று. அதன் வாயில் பிளாஸ்டிக் புஷ். புஷ்ஷுக்குள் வழுக்கி ஏறி இறங்கும் சிலிண்டர். சிலிண்டரிலிருந்து கீழ்நோக்கி வரும் கம்பி, வெளிக் குழாயின் அடித்தட்டு வழியாக நுழைந்து ஒரு சிறிய கிளிப்பில் நிற்கிறது. அந்தத் தட்டின் மேல் குண்டு பேரிங், வாஷர்கள், ஒரு ரப்பர் வளையம். ஏறுவதற்கு ஓர் இடைவெளி, சுழல்வதற்கு ஓர் இடைவெளி, சாய்வதற்கு இருக்கையின் அடியில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் இன்னும் சில. இவற்றில் எதையும் ஒரேயடியாக அடைத்துவிட முடியாது. அடைத்தால் நாற்காலி அசையாது.

இதைப் புரியவைத்தது லீவர். உயரத்தை மாற்ற நாம் தூக்கும் அந்தக் கம்பிதான் இந்தப் பட்டறையில் அதிகம் திட்டு வாங்குவது. அதன் உள்முனை சிலிண்டரின் தலையில் இருக்கும் பித்தானை அழுத்துகிறது, வால்வு திறக்கிறது. லீவரைத் தொடாதபோது உள்முனைக்கும் பித்தானுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பித்தான் பாதி அழுந்தியபடியே நிற்கும். உட்கார்ந்தவர் தானாகக் கீழே இறங்கிக்கொண்டிருப்பார். இடைவெளி அதிகமானாலோ லீவர் தொங்கிக்கொண்டு, நாற்காலியை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கடகடக்கும்.

உதவியாளர் ஒரு நாற்காலியில் லீவர் முனைக்கும் பித்தானுக்கும் நடுவே சிறு ரப்பர் துண்டைச் செருகினார். சத்தம் உடனே நின்றது. அவரே அதில் உட்கார்ந்து டீ குடித்தார். கிளாஸ் காலியாகும்போது இருக்கை பாதி உயரத்துக்கு வந்துவிட்டது. மூத்தவர் கோபப்படவில்லை. ரப்பரை உருவி எறிந்துவிட்டு, லீவர் இரும்புப் பெட்டியை விட்டு வெளியே வரும் துளையின் ஓரத்தில் மெல்லிய கம்பளித் துணிப் பட்டையை ஒட்டினார். கம்பியை ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங் ஒன்றை மாட்டினார். பித்தானருகே இடைவெளி இருந்தது. சத்தம் இல்லை.

“ஆட்டம் வேணும்டா தம்பி. அது எங்க இருக்கணும்னு நாமதான் முடிவு பண்ணணும்.”

புஷ் தேய்ந்த நாற்காலிகளில் கணக்கு இன்னும் கறாரானது. 60 மி.மீ. நீளப் புஷ்ஷில் 0.1 மி.மீ. ஆட்டம் இருந்தால், அதற்கு 600 மி.மீ. மேலே இருக்கும் முதுகின் விளிம்பு 1 மி.மீ. ஆடும். இருக்கையை உச்சத்துக்கு ஏற்றினால் எடை புஷ்ஷை விட்டு இன்னும் தள்ளிப் போகிறது, ஆட்டமும் கூடுகிறது. உயரம் குறைவானவர்கள் உட்காரும்போது சத்தமே போடாத நாற்காலி, இருக்கையை உயர்த்திக்கொள்ளும் நெட்டையர்களிடம் மட்டும் முணுமுணுப்பதற்கு இதுதான் காரணம். பெரும்பாலான கடைகள் முழுத் தண்டையும் கழற்றிப் புதியதை மாட்டிவிடும். விலை உயர்ந்த நாற்காலிகளுக்கு மட்டும் இந்தப் பட்டறை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் கடையில் புஷ் கடைந்து வாங்குகிறது.

அந்த லேத் கடைக்காரர் டெல்ரின் உருளைகளை நைலானிலிருந்து தனியாக அடுக்கியிருந்தார். இரண்டும் பார்க்க வெள்ளைதான். நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், உலர்ந்தால் சுருங்கும். டெல்ரின் அந்த அளவுக்கு ஈரம் குடிக்காது. சென்னையின் புழுக்கத்தில் கடைந்த நைலான் புஷ் அங்கே சரியாக உட்காரும். நாள் முழுக்க ஏசி ஓடும் அலுவலகத்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு லேசாக விலகிக்கொள்ளும். மைக்ரோமீட்டரின் தலையைச் சுழற்றியபடியே அவர், சிலிண்டரையே கையோடு எடுத்து வரச் சொன்னார். “தேஞ்ச சிலிண்டருக்குப் புது அளவுல புஷ் போட்டா, மறுபடி என்னத்தான் திட்டுவாங்க.”

ஒரு விஷயத்தில் மட்டும் இரு பட்டறைகளும் விட்டுக்கொடுப்பதில்லை. சிலிண்டரைத் துளையிடுவதோ, அறுப்பதோ, அதன் மேல் வெல்டிங் வைப்பதோ கிடையாது. உள்ளே வாயு உயர் அழுத்தத்தில் இருக்கிறது; சூடானால் அழுத்தம் ஏறும். வெளிக் குழாயை ஐந்து காலிலிருந்து பிரிக்கும்போதுகூட ரப்பர் சுத்தியலும் பைப் ரெஞ்சும்தான். இரண்டும் கூம்பு வடிவில் ஒன்றுக்குள் ஒன்று இறுகியிருப்பவை. உட்காருபவரின் எடையே அவற்றை இறுக்கிவைக்கிறது. திரும்ப மாட்டும்போது கூம்பைத் துணியால் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் உலர வைக்கிறார்கள். அங்கே கிரீஸ் தடவினால் பிடிப்பு தளர்ந்து, சுழலும்போது ‘டக் டக்’ என்று புதிய சத்தம் பிறக்கும்.

பட்டறையின் மறுபக்கத்தில் வேறு ஒரு கூட்டம்: வீடுகளிலிருந்து வந்த நாற்காலிகள். 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்றான நாட்களில், அலுவலகத்துக்குச் செய்த நாற்காலிகள் ஏராளமாக வீடுகளுக்கு வந்துசேர்ந்தன. கம்பளம் விரித்த தளத்தில் அமைதியாக உருண்டவை, டைல்ஸ் தரையில் கூச்சல் போட ஆரம்பித்தன. நாற்காலியில் பழுதே இல்லை. கெட்டி நைலான் வீல்கள் கம்பளத்துக்கானவை. கடினமான தரைக்கு மென்மையான மேற்பரப்புள்ள வீல் வேண்டும். ஐரோப்பியத் தரநிலை இரண்டையும் எச், டபிள்யூ என்று தனித்தனி வகைகளாகவே பிரித்திருக்கிறது. கெட்டி வீல் ஒவ்வொரு டைல்ஸ் இடுக்கிலும் விழுந்து எழும்போது அந்த அதிர்வு தண்டு வழியாக ஏறி, மேலே தளர்ந்திருக்கும் எல்லாவற்றையும் தட்டி எழுப்புகிறது. அப்படி வந்த ஒரு நாற்காலிக்கு மெக்கானிக் வீலை மட்டும் மாற்றிக் கொடுத்தனுப்பினார்.

வீல் மாற்றுவதிலும் ஒரு கண்ணி உண்டு. பெரும்பாலான நாற்காலிகளில் வீலின் தண்டு 11 மி.மீ. விட்டம், சிலவற்றில் 10. குறைந்ததை அகன்ற துளையில் செருகினால் பார்க்கப் பொருந்தியதுபோலத்தான் இருக்கும். நாற்காலியைத் தூக்கினால் கழன்று விழும். உருட்டினால் ஐந்தும் சேர்ந்து தாளம் போடும். இணையத்தில் வீல் வாங்கித் தாங்களே மாட்டியவர்கள் கொண்டுவரும் நாற்காலிகளில் உதவியாளர் முதலில் வெர்னியரைத்தான் எடுக்கிறார்.

கைப்பிடிகள் இன்னொரு தொல்லை. உயரம் மாற்றும் கைப்பிடியில் இரும்புப் பட்டையின் மேல் பிளாஸ்டிக் உறை ஏறி இறங்குகிறது. அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக், அச்சை விட்டு வெளியே வர அதன் சுவர்களில் லேசான சரிவு வைத்தாக வேண்டும். அதனால் உறையின் ஒரு முனை இறுக்கமாகவும் மறுமுனை தளர்வாகவும் அமைகிறது. நல்ல வடிவமைப்பாளர்கள் உறையின் உட்புறத்தில் வில்போல வளையும் மெல்லிய விரல்களைச் சேர்த்தே வார்த்துவிடுகிறார்கள். அவை பட்டையை எப்போதும் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். இடைவெளி இருந்தாலும் மோதுவதற்கு வாய்ப்பில்லை. மலிவான நாற்காலிகளில் அந்த விரல்கள் இருக்காது. அங்கே மெக்கானிக் பின்புறம் பசையுள்ள மெல்லிய வெல்வெட் பட்டையை ஒட்டுகிறார். காரின் டேஷ்போர்டுக்குள் வயர்கள் தட்டாமல் இருக்கச் சுற்றும் அதே பட்டைதான்.

கிரீஸ் இங்கே முழுக்க விலக்கப்பட்டதும் இல்லை. சாய்வுப் பெட்டியின் ஊசிகளுக்கு லித்தியம் கிரீஸ். பிளாஸ்டிக் உரசும் இடத்துக்கு சிலிக்கான் கிரீஸ். சிலவகைப் பிளாஸ்டிக்குகளில் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் நாளடைவில் வெடிப்பு விழும் என்பதால் இரண்டு டப்பாக்களுக்கும் தனித்தனித் தூரிகை. ஸ்பிரே அடித்துக் கொண்டுவரப்படும் நாற்காலிகளைத் துடைப்பதற்கே நேரம் போகிறது. மெல்லிய எண்ணெய் ஓடி, தூசியையும் தலைமுடியையும் கூட்டிக்கொண்டு பேரிங்கில் போய்ச் சேர்ந்திருக்கும்.

நாற்காலிகளுக்கான சோதனைகள் கடுமையானவை. அமெரிக்காவின் பிஃப்மா தரநிலையில் 57 கிலோ மூட்டை இருக்கையின் மேல் 1,00,000 முறை விழ வேண்டும். சாய்வு அமைப்பு 3,00,000 முறை சாய்ந்து நிமிர வேண்டும். இந்தியாவுக்கும் 2022-ல் வேலை நாற்காலிகளுக்கென்று ஐ.எஸ். 17631 வந்துவிட்டது. உடையாமல் இருக்கிறதா, கவிழாமல் இருக்கிறதா என்பதுதான் இவற்றின் முதல் அக்கறை. எல்லாவற்றிலும் தேறிய நாற்காலி ஒரு மூலையில் லொடலொடத்துக்கொண்டிருப்பதைப் பெருங்குடியில் தினமும் பார்க்கலாம்.

லாட்டாக வரும் வேலை வெள்ளி இரவு இறங்கி, திங்கள் காலைக்குள் திரும்ப வேண்டும். குனிந்தே செய்யும் வேலை. ஒவ்வொரு நாற்காலியையும் குறைந்தது இரண்டு முறை தலைகீழாகப் புரட்ட வேண்டும். மூத்தவர் இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கிறார். கூலி நாற்காலிக் கணக்கில்தான். சத்தத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனாலும் ஒரு மணி நேரம் ஆனாலும் தொகை ஒன்றே.

திங்களன்று அந்த அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவிலிருந்து ஒருவர் பில்லோடு வந்தார். புஷ், வீல், ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டுக் கூலியில் பேனாவை நிறுத்தினார். பல நாற்காலிகளில் எதுவுமே மாற்றவில்லையே, அதற்கு எதற்குக் கூலி என்பது அவர் கேள்வி. மூத்தவர் வேலை முடிந்த ஒன்றையும் இன்னும் தொடாத ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “நீங்களே தூக்கி ஆட்டிப் பாருங்க சார்” என்றார். வந்தவர் இரண்டையும் ஆட்டிப் பார்த்தார். பிறகும் பேரம் நடந்தது. கடைசியில் கூலியில் கொஞ்சம் குறைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டாவது மாடியின் நாற்காலிகளை அடுத்த வெள்ளிக்கிழமை அனுப்புவதாகச் சொல்லிப் போனார்.